சித்தூர்: மொழி எல்லையும் வாக்குப் பெட்டியும்

1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அம்மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. அதை எதிர்த்து ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டம் தீவிரமடைந்தது. படாஸ்கர், கிராமத்தை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையை அளவுகோலாகவும் கொண்டு எல்லை வகுத்தார். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

அங்கு நின்றுவிட்ட தமிழரின் வாக்கு மொழிவழிக் கட்சியாகத் திரளவில்லை. 1978இல் சந்திரகிரியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்ற சந்திரபாபு நாயுடு, 1983இல் தெலுங்கு தேசம் எழுப்பிய அலையில் அங்கேயே தோற்றார். பின்னர் அக்கட்சியில் சேர்ந்து, தமிழும் கன்னடமும் புழங்கும் குப்பத்தில் 1989 முதல் 2024 வரை எட்டு முறை வென்றார். தெலுங்கர் தன்மானத்தை முழக்கமாகக் கொண்டு பிறந்த கட்சிக்கு மும்மொழித் தொகுதியொன்று கோட்டையாயிற்று.

2024 சட்டமன்றத் தேர்தலில் ஆந்திரத்தின் வாக்குப்பதிவு 80 விழுக்காட்டைத் தாண்டியது. எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதை அவ்வெண் சொல்லும். எம்மொழியினர் என்பதைச் சொல்லாது. மொழிச் சிறுபான்மையினரின் அரசியலை அறிய, தேர்தல் முடிவுகளைக் குடிக்கணக்கின் தாய்மொழி அட்டவணையோடு அருகருகே வைத்துப் படித்தாக வேண்டும்.