மொசல் அடிச்சேன்னு எழுது

ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் தாத்தா' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். "என் தாத்தா நேற்று ஒரு முயலைக் கொன்றார்" என்று தொடங்கி எழுதிவிட்டு, பெருமையாக அவரிடமே படித்துக் காட்டினேன். திண்ணையில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஏன்டா, நான் என்ன கொலைகாரனா? மொசல் அடிச்சேன்னு எழுது." அழித்து எழுதினேன். மறுநாள் வாத்தியார் அதைச் சிவப்பு மையால் சுழித்து 'கொன்றார்' என்றே திருத்திக் கொடுத்தார்.

அரூர்ப் பக்கம் எங்கள் ஊர். 'கொன்னேன்' என்ற சொல் தாத்தா வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. முயல் என்றால் அடிக்கிறது. பன்றி என்றால் குத்துறது. கௌதாரியும் காடையும் பிடிக்கிறது. மான் என்றால் சுடுறது. அதற்கு ஊரில் ஒருவரிடம்தான் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. தடி, ஈட்டி, கண்ணி, துப்பாக்கி என்று ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு கருவி ஒளிந்திருக்கிறது. "அந்த ஊர்ல பன்னி சுட்டாங்களாம்" என்று யாராவது சொன்னால் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாய்ந்து வரும் பன்றிக்கு எதிரே ஈட்டியை ஊன்றி நின்றவனையும் மரத்தின் மேல் உட்கார்ந்து துப்பாக்கிக் குதிரையை இழுத்தவனையும் ஒரே தட்டில் வைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

ஆளே இல்லாத சொற்களும் உண்டு. விழுந்துச்சு, மாட்டிச்சு, கெடச்சுது. "ரெண்டு விழுந்துச்சு" என்பார். யார் விழ வைத்தது என்று கேட்கக் கூடாது. பாவத்துக்குப் பயந்து சொல்லை மாற்றிக்கொண்டார்கள் என்று இதற்குச் சுலபமாக ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. பயந்தவன் 'குத்தினேன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லமாட்டான். அவர்கள் ஒதுக்கியது 'கொலை' என்ற சொல்லை மட்டும்தான். அது மனிதனுக்கு மனிதன் செய்வது.

இந்தச் சொற்களின் வயது எனக்குத் தெரிந்தது பிறகு, நடுகற்களைத் தேடி அலையத் தொடங்கியபோது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பல்லவர் காலத்திலிருந்தே வட்டெழுத்து பொறித்த நடுகற்கள் நிறைய உண்டு. செங்கம் பகுதிக் கற்களைத் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பில் 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என் பையில் பல வருஷம் கிடந்து நைந்துபோன புத்தகம். பெரும்பாலான கற்கள் மாடு பிடிச் சண்டையில் இறந்தவர்களுக்கு. எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்றில், கோவிவன் என்ற நாய்க்கே பெயரும் உருவமும் இருக்கிறது. கள்ளர்களை மறித்துக் கடித்த நாய் அது. தாத்தா பார்த்திருந்தால் குளிர்ந்திருப்பார். கறியைக் கூறு போடும்போது நாய்க்கும் ஒரு கூறு எடுத்து வைத்தவர்.

புலியோடும் பன்றியோடும் பொருதவர்களுக்கும் கல் உண்டு. புலிகுத்திக் கல், பன்றிகுத்திப் பட்டான் கல் என்கிறோம். அதே குத்து! ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அந்த வினை அசையவில்லை. அடுத்து வரும் 'பட்டான்' இன்னும் கவனிக்க வேண்டிய சொல். படு என்றால் சாய், விழு, இற. பொழுது சாய்வதைப் பொழுதுபட்டது என்கிறோமே, அதுதான். புலியைக் குத்தியவனும் பட்டான். அவன் கையால் புலியும் பட்டிருக்கும். விலங்குக்கு ஒரு சொல், வீரனுக்கு ஒரு சொல் என்று பிரிக்கவில்லை. கடற்கரைக்குப் போனால் அன்றைக்கு வலையில் விழுந்ததை இன்றும் மீன்பாடு என்கிறார்கள். பாடு என்பது இந்தப் படுதான்.

பெரியபுராணத்தில் கண்ணப்பரின் கன்னி வேட்டையைச் சேக்கிழார் விரிவாகவே பாடியிருக்கிறார். நாய் குரைப்பும் அம்பின் விசையும் காதில் கேட்கும். நடுவே ஒரு பாட்டில், அந்த வேடர்கள் எதையெல்லாம் தொடவில்லை என்று சொல்கிறார். யானைக் கன்றைத் துரத்தவில்லை, சின்னக் குட்டிகளை வதைக்கவில்லை, சினைப் பிணையை அலைக்கழிக்கவில்லை. அந்தப் பாட்டில் 'கொலை' என்ற சொல் குட்டிகளைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் வருகிறது. அங்கே அது வேடர்கள் செய்யாமல் விட்ட காரியத்துக்கு. அதைப் படித்த அன்று என் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் ஞாபகம் வந்தது.

நீலகிரிக்கு வந்த துரைமார்களின் பேச்சு வேறு தினுசு. வரையாட்டை ஐபெக்ஸ் என்றார்கள், காட்டெருதைப் பைசன் என்றார்கள்; இரண்டும் தப்பு. வழிகாட்டப் போன நம் ஆளுக்கு ஷிகாரி என்று பாரசீகச் சொல்லில் ஒரு பெயர். வேட்டைக்குரிய விலங்கு அவர்கள் மொழியில் கேம், அதாவது ஆட்டம். சுட்டு வீழ்த்தியதைப் 'பேக்' செய்தோம் என்பார்கள், பையில் போட்டுக்கொண்டார்களாம். எத்தனை பெரிய பை இருந்தால் ஒரு காட்டெருது அதற்குள் போகும்! ஃப்ளெட்சர் என்பவர் நீலகிரி, வயநாட்டு வேட்டைகளைப் பற்றி 1911இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். சுட்டுச் சுட்டு விலங்குகள் குறைந்துபோய், 1879இலேயே நீலகிரிக்கென்று தனிச் சட்டம் போட்டுத் தடைக்காலம் வைக்க வேண்டியிருந்தது.

பிறகு 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். வேட்டையாடுதல் என்றால் என்ன என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, கலைப்பது, இரை வைத்து இழுப்பது, காயப்படுத்துவது, முட்டையைச் சேதப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். தாத்தா தனித்தனியாக வைத்திருந்த வினைகளை ஒரே சாக்கில் அள்ளிப் போட்டுக் கட்டிவிட்டார்கள். சட்டம் சரி. நான் அதன் பக்கம்தான். எங்கள் கரட்டில் நான் முயலைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. இந்த விளக்கத்தை யாரோ படித்துச் சொன்னபோது தாத்தா கேட்டது ஒன்றுதான்: "கலைக்கிறதுமா?" அன்றோடு வலையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். ஈட்டியின் இரும்பைக் கழற்றிக் கொல்லுப்பட்டறையில் கொடுத்துக் களைக்கொத்து ஆக்கினார்.

எங்கள் பக்கத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கல் வைத்து, எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, இப்போது வசதி வந்ததும் பெயின்ட் அடித்து, பீடத்துக்குச் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். எழுத்து அதற்குள் போய்விடுகிறது. உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ அப்படி ஒரு வேடியப்பன் நின்றால், கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சிமென்ட் குழைப்பதற்கு முன்னால் ஒருமுறை தண்ணீர் விட்டு மெதுவாகத் துடைத்து, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒரு படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.