பூவா தலையா

முதலில் அது காசே இல்லை, பகடை. 1713-ல் கணித அறிஞர் நிக்கோலஸ் பெர்னூலி ஒரு கடிதத்தில் எழுதிய சூதாட்டப் புதிரில் பகடைதான் உருண்டது. காசு போதுமே என்று 1728-ல் அதை மாற்றியவர் இன்னொரு கணித அறிஞர், காபிரியேல் கிராமர். தலை விழும்வரை சுண்ட வேண்டும். முதல் தடவையே விழுந்தால் 1 டுக்காட் பொற்காசு, இரண்டாம் தடவை என்றால் 2, மூன்றாவதற்கு 4 என இரட்டித்துக்கொண்டே போகும். கணக்குப்படி இந்த ஆட்டத்தின் சராசரி வரவுக்கு எல்லையே கிடையாது. ஆனால் 20 டுக்காட் கொடுத்து ஆட ஆள் வரமாட்டார்கள்.

ஏன்? பணம் சேரச் சேர அடுத்த காசின் அருமை குறைகிறது என்று 1738-ல் விடை சொன்னார் டேனியல் பெர்னூலி. அவருடைய கட்டுரை வெளியான பீட்டர்ஸ்பர்க் நகரின் பெயரே புதிருக்கும் ஒட்டிக்கொண்டது.

காசை நிஜமாகவே சுண்டிப் பார்த்தவர் பிரான்சின் இயற்கை அறிஞர் புஃபோன். சுண்டியது அவரல்ல, ஒரு குழந்தை! 2048 ஆட்டங்கள். பாவம், அந்தக் கட்டைவிரல். 1061 ஆட்டங்கள் முதல் தடவையிலேயே முடிந்தன. எல்லையற்ற சராசரி 5-ஐக்கூடத் தொடவில்லை.

அதிலும் யாருக்கும் லாபமில்லை, நட்டமில்லை. காசுக்கு உண்மையான கனம் வந்தது 1970-களின் பிற்பாதியில், மகாராஷ்டிர, ஆந்திரக் கிராமங்களில். பட்டான்சேருவின் இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனத்துக்காகப் பொருளாதார அறிஞர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் விவசாயிகள் முன் ஒரு பட்டியலை நீட்டினார். பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய். அது வேண்டாமென்றால், விழும் பக்கத்தைப் பொறுத்து 30 அல்லது 150. துணிந்தவருக்கு ஒன்றுமில்லை அல்லது 200. அரை ரூபாயில் தொடங்கிய ஆட்டம் இந்த அளவுக்கு ஏறியது. உச்சப் பரிசு ஒரு கூலியாளின் மாத வருமானத்தைவிட அதிகம். ஜெயித்த பணம் கைக்கு வந்தது.

தொகை பெருகியதும் ஏறக்குறைய எல்லோரும் ஓரளவு பின்வாங்கினார்கள். வசதியுள்ளவர் சற்றே துணிந்தார், ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதே மக்களிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டு வாங்கிய பதில்களோ இதனோடு ஒட்டவே இல்லை. 1980-ல் வெளியான இந்த முடிவில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

2002-ல் ஹோல்ட், லாரி என்ற இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் மாணவர்களிடமும் இதையே கண்டார்கள். கற்பனைப் பணத்தைப் பெருக்கினால் துணிச்சல் அப்படியே இருந்தது. நிஜ டாலரைப் பெருக்கினால் சுருங்கியது. அவர்கள் மேசையில் காசு இல்லை. பத்து முகப் பகடை உருண்டது.