நாய்நெறியர்: ஒரு பெயரும் அது சுமந்த பழியும்

பண்டைக் கிரேக்க மெய்யியலாருள் தியோகெனசும் அவர் வழிவந்தோரும் பெற்ற 'சினிக்' என்னும் பெயர், குனோசார்கெஸ் என்னும் உடற்பயிற்சிக் களத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்னும் விளக்கம் பழைய நூல்களிலும் இன்றைய கையேடுகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏதென்சு மதிலுக்கு வெளியே இருந்த அக்களத்தில் இவர்களுக்கு முன்னோடியாகக் கருதப்படும் அந்திஸ்தெனெஸ் பாடம் சொன்னார் என்பதும், அக்கதெமியார் சோலையாலும் ஸ்தோயிக்கர் ஓவியத் தாழ்வாரத்தாலும் பெயர் பெற்றது போல இவர்களும் இடத்தால் பெயர் பெற்றிருக்கலாம் என்பதும் அதற்குக் காட்டப்படும் சான்றுகள். ஒப்புமை ஒன்றையே கொண்டு சொல்லுக்குப் பிறப்புக் காட்டுவது ஆராய்ச்சி ஆகாது.

இடப்பெயர் திரியும்போது ஒவ்வோர் ஒலிக்கும் கணக்கு வேண்டும். சான்றாக, சென்னையில் எண்ணூரை அடுத்த கத்திவாக்கத்தையும், வில்லிவாக்கம், புரசைவாக்கம் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டால், பாக்கம் என்னும் சொல்லின் முதற்பகரம் உயிரை அடுத்து வகரமாயிற்று என்று ஒரே விதியால் காட்டிவிடலாம். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் எனச் சிலம்பில் வரும் கடற்கரைக் குடியிருப்பின் பெயரே இவ்வூர்களிலும் நிற்கிறது. குனோசார்கெஸ் 'குனிகோஸ்' ஆயிற்று என்போரோ, இடையில் நின்ற 'சார்க்' எங்கே போயிற்று என்று சொல்வதில்லை. குயோன் என்றால் கிரேக்கத்தில் நாய். அதன் வேற்றுமை அடி 'குன்'. அதனோடு தன்மை குறிக்கும் 'இகோஸ்' சேர, நாய் போன்றவன் என்னும் பொருளில் குனிகோஸ் இயல்பாக அமைகிறது. வடமொழியின் சுவன், இலத்தீனின் கானிஸ் ஆகியவை இதன் உடன்பிறப்புகள். தமிழின் நாயும், பூழிநாட்டு வழக்கென்று தொல்காப்பிய உரையாசிரியர் குறித்த ஞமலியும் வேறு குடும்பத்தன. களத்தின் பெயருள்ளும் அதே நாய்ச்சொல் இருத்தலால், அவ்விளக்கம் சுற்றிச் சுற்றி நாயிடமே வந்து சேர்கிறது. தம் காலத்தவரான ஒருவரை 'நாய்' என்றே அரிஸ்தாத்தில் தம் அணியிலக்கண நூலில் சுட்டுகிறார். அது தியோகெனசையே குறிக்கும் என்பது பெரும்பாலார் கொள்கை. கொரிந்தில் தியோகெனசின் கல்லறைத் தூண்மேல் பளிங்கு நாய் வைக்கப்பட்டது என்று கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோகெனஸ் லாயெர்த்தியுஸ் எழுதுகிறார். இதற்கு மேலும் சான்று வேண்டுவதில்லை.

சொல்லைவிடப் பொருளே ஆழமானது. பகைவர் இட்ட வசைப்பெயரை இவர்கள் ஏற்று அணிந்துகொண்டனர். மறுக்கப்படுவதற்குப் பழக வேண்டிச் சிலையிடம் பிச்சை கேட்டார் தியோகெனஸ். நாணம் மிகுந்த மாணவர் செனோனைப் பருப்புக் கஞ்சிப் பானையோடு தெருவில் நடக்கவிட்டுத் தடியால் அதை உடைத்தார் தியோகெனஸ் வழிவந்த கிராத்தெஸ். அந்தச் செனோனே பின்னர் ஸ்தோயிக்கப் பள்ளியை நிறுவினார்.

இவர்களைக் 'கிரேக்கச் சித்தர்' என்று எழுதும் வழக்கம் தமிழில் உண்டு, அது பொருந்தாது. சித்தர் பழியைப் பொருட்படுத்தாதவர். பழியைத் தேடிச் சென்றவர் சைவத் துறவியரான பாசுபதர். பாசுபத சூத்திரமும் அதற்குக் கௌண்டின்யர் எழுதிய உரையும் இதைத் தெளிவாக வகுத்துள்ளன: தவத்தின் இரண்டாம் படியில் தன் சமயக்குறியை மறைத்து, உறங்காமலே குறட்டை விட்டும், நடுங்கியும், நொண்டியும் பிறர் இகழ நடக்கும் பாசுபதனின் தீவினை இகழ்ந்தவரைச் சேர, அவர்தம் நல்வினை இவனை வந்தடையும். நாய்நெறியரையும் பாசுபதரையும் 1962ஆம் ஆண்டு ஒப்பிட்டு எழுதிய ஆய்வாளர் டேனியல் இங்கால்ஸ் இந்த மானக்கேட்டுத் தேட்டத்தையே நடுப்பொருளாகக் கொண்டது மிகச் சரியானது.

பாசுபதம் போன்ற சைவப் பிரிவுகளின் சுவடு, முன்பு சுட்டிய கத்திவாக்கத்துக்குத் தெற்கே திருவொற்றியூரில் உண்டு. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்தபின், அவனோடு மடியாததற்கு வருந்திய கேரளத் தோழன் வல்லபன் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயரில் இவ்வூர் மடத்தின் தலைவரானதைக் கல்வெட்டு கூறுகிறது. காபாலிகத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் சோமசித்தாந்தத்தை உரைத்த வாகீச பண்டிதர் 12ஆம் நூற்றாண்டில் இங்கிருந்ததும் கல்வெட்டுச் செய்தியே. நாயும் இங்கே தொலைவில் இல்லை: பல்லவன் மகேந்திரவர்மனின் மத்தவிலாச நாடகத்தில் காபாலிகனின் மண்டையோட்டைக் கவர்ந்து செல்வது நாய், அவ்வழக்கில் நடுவராக வருபவன் பாசுபதன், வயிரவரின் ஊர்தியும் நாய்.

மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்பது இறைவன்முன் தாழும் அடியவன் மொழி. தியோகெனஸ் அப்பெயரை ஏற்றது ஊரார்முன் நிமிர்ந்து நிற்கும் பொருட்டு. இவ்வேறுபாட்டை அறியாமல், எதையும் நம்பாது ஏளனம் செய்வோர் என்று 'சினிக்' என்னும் சொல்லுக்கு வழங்கும் இக்காலப் பொருளைத் தியோகெனஸ் வழியினர்மேல் ஏற்றி மொழிபெயர்ப்பது பெரும்பிழை. தமிழில் இவர்களை நாய்நெறியர் என்றே வழங்க வேண்டும்.