விண்வெளி லேசர் தொடர்பில் ஒளியுணரிச் சோதனை

விண்கலத்திலிருந்து லேசராக வரும் செய்தியை மின்துடிப்பாக மாற்றும் உறுப்பு ஒளியுணரி. வாங்கியில் பொருத்துமுன் அது எவ்வளவு ஒளியைப் பிடிக்கிறது, எத்தனை பொய்த்துடிப்பு தருகிறது, எவ்வளவு விரைவில் மீள்கிறது என அளப்பதே இச்சோதனை.

செயற்கைக்கோளில் ஏறும் இண்டியம் காலியம் ஆர்சனைடு டையோடுகளைப் புரோட்டான் கற்றையில் வைத்துச் சோதிப்பார்கள். கதிர்வீச்சு படிகத்தைச் சிதைக்கச் சிதைக்க, ஒளியே இல்லாதபோதும் ஓடும் இருட்டு மின்னோட்டம் ஏறும்.

தொலைதூரக் கலங்களின் ஒளியை ஃபோட்டான் ஃபோட்டானாக எண்ணியாக வேண்டும். 2023 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்ட நாசாவின் சைக்கி கலம் 1550 நானோமீட்டர் லேசரை அனுப்பியது. கலிபோர்னியாவின் பாலோமார் ஆய்வகத்தில், 5.1 மீட்டர் ஹேல் தொலைநோக்கியின் குவியத்தில் அதைப் பிடித்தது, ஜெட் உந்துகை ஆய்வகம் உருவாக்கிய மீக்கடத்தி நுண்கம்பி உணரி. அது சுமார் 1 கெல்வின் குளிரில் இயங்குவது. டிசம்பர் 11 அன்று சுமார் 3.1 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நொடிக்கு 267 மெகாபிட் வேகத்தில் காணொளி வந்து சேர்ந்தது.

இத்தகைய உணரியைச் சோதிப்பதில் முதல் சிக்கல் ஒளியின் அளவுதான். இந்த அலைநீளத்தில் ஒரு பிக்கோவாட் என்பதே நொடிக்கு ஏறத்தாழ 78 லட்சம் ஃபோட்டான்கள். சாதாரணத் திறன்மானிக்கு அதற்கும் கீழே எட்டாது. ஆகவே வலுவான லேசரை அளந்து, பிறகு தெரிந்த மடங்கு மங்கச் செய்கிறார்கள். மங்கலாக்கியில் உள்ள பிழை உணரியின் திறனில் அப்படியே ஏறிவிடும் என்பதால் அதையே முதலில் அளவீடு செய்தாக வேண்டும்.

அடுத்து, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்துவார்கள். எண்ணிக்கை ஏறி ஒரு கட்டத்தில் சமதளமாக நிற்பது நல்ல கம்பியின் அடையாளம். இன்னும் உயர்த்தினால் மீக்கடத்தும் தன்மையே போய்விடும். பிறகு லேசரை அடைத்து, இருட்டில் எழும் துடிப்புகளை எண்ணுவார்கள். அறையின் வெப்பக் கதிர்வீச்சும் சாளரம் வழியே புகுந்து எண்ணிக்கையைக் கூட்டும். அதனால் குளிர்கலத்துக்குள்ளேயே வடிகட்டிகள் வைக்கப்படுகின்றன. துடிப்பு எந்த நேரக்கட்டத்தில் விழுகிறது என்பதிலேயே செய்தி அடங்கியிருப்பதால், பிக்கோநொடி லேசரைக் கொண்டு நேரச்சிதறலையும் அளக்கிறார்கள்.

உணரும் திறனை மட்டும் தனியே சொல்வதில் பயனில்லை. மின்னோட்டத்தைக் கூட்டிப் பெற்ற திறன் பொய்த்துடிப்பையும் பெருக்கியிருக்கலாம். எல்லா அளவுகளும் ஒரே இயக்க நிலையில் எடுக்கப்பட்டால்தான் அவற்றை ஒப்பிட முடியும். வளிமண்டலக் கொந்தளிப்பில் ஒளிப்புள்ளி அலைவதால், அதை உணரியின் பரப்பு முழுவதும் நகர்த்தியும் பார்க்கவேண்டும். பின்னணி ஒளியைக் கலந்து, அனுப்பிய பிட்டுகளையும் கிடைத்தவற்றையும் ஒப்பிட்டுப் பிழைவீதம் காண்பது கடைசிக் கட்டம்.