தாத்தாவின் பத்து வெள்ளி: கிங்காங், தாராசிங், ஒரு கணிப்பின் கதை

ஒவ்வோர் ஆண்டும் ரெசல்மேனியா நெருங்கும்போது எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழும். அனுப்புபவன் மலாக்கா டவுனில் இருக்கும் என் அக்கா மகன். எந்த ஆட்டத்தில் யாரும் யாரும் மோதுகிறார்கள், யார் வெல்வார், எப்படி வெல்வார் என்று மூன்று கட்டம் போட்டிருப்பான். அமெரிக்காவில் இரவு நடப்பது நமக்கு மறுநாள் காலை. அதற்கு முன் எல்லோரும் நிரப்பி அனுப்பிவிட வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் சேர்ந்து பசியாற வாங்கித் தருவது வழக்கம்.

இந்த வருஷமும் பட்டியல் வந்தது. நான் அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். “எல்லாம் முன்னாடியே பேசி வச்சி ஆடுற ஆட்டந்தானே? அதுல என்ன கணிப்பு?”

நியாயமான கேள்விதான். இதற்கு என்னிடம் நேரடியான பதில் இல்லை. என் தாத்தாவிடம் இருந்தது. அவர் அதைப் பத்து வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தார்.

தாத்தா ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். கித்தா மரத்தைத் தவிர அவருக்கு விரிவாகப் பேசத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. அது கிங்காங். லயத்து வாசலில் உட்கார்ந்து அவர் கிங்காங் கதை சொன்னால் தெருவே கூடும்.

கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. 1909இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்தவர். இந்தியாவில் மல்லுக்கு நின்று பெயர் எடுத்து, பிறகு சிங்கப்பூரைத் தன் ஊராக்கிக்கொண்டார். எடை இருநூறு கிலோ என்று விளம்பரம் செய்தார்கள். 1933இல் வந்த ஹாலிவுட் படத்தின் குரங்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்று விளக்கத் தேவையில்லை. தாடி, தொந்தி, மேடை ஏறியதும் ஒரு உறுமல். பார்த்தவுடன் வெறுக்கலாம்.

எதிர்ப்பக்கத்தில் தாராசிங். அமிர்தசரஸ் மாவட்டத்தின் தர்மூசக் கிராமத்தில் 1928இல் பிறந்தவர். 1940களின் இறுதியில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்து, டிரம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்ட் பூங்காவில் ஹர்னாம்சிங்கிடம் பயின்றார். கோலாலம்பூரில் தர்லோக்சிங்கை வீழ்த்தி மலேயா சாம்பியன் ஆனது அவருடைய முதல் பெரிய வெற்றி. பின்னாளில் பம்பாய்க்குப் போய் சினிமா நட்சத்திரமாகி, 1962இல் ‘கிங்காங்’ என்ற பெயரிலேயே ஓர் இந்திப் படத்தில் நடித்து, 1987இல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாகி, நாடாளுமன்ற மேலவை வரை சென்ற அந்த மனிதரின் தொழில் வாழ்க்கை நம் பக்கத்தில்தான் தொடங்கியது என்பது இன்று பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் மூன்று ‘உலகங்கள்’ இருந்தன: நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட். மூன்றும் கேளிக்கைப் பூங்காக்கள். பங்சாவான் நாடகம், ஜோகெட் ஆட்டம், குத்துச்சண்டை, சினிமா எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள் கிடைக்கும். ஹேப்பி வேர்ல்டில் உள்ளரங்கம் ஒன்று இருந்தது. 1952இல் மலாயா தாமஸ் கிண்ணத்தைத் தற்காத்துக்கொண்டதும் அங்கேதான். அதே அரங்கில் மல்யுத்தமும் நடந்தது.

தாத்தா அங்கே ஒரே ஒரு முறை போயிருக்கிறார். அவசரகாலச் சட்டம் இருந்த சமயம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, இரவானால் ஊரடங்கு, அரிசி கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதிதான் நாட்டிலேயே முதன்முதலாக ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டுக் கெடுபிடிகள் தளர்ந்தன. அதற்குப் பிறகு ஏதோ ஒரு தீபாவளி முடிந்த வாரம், தோட்டத்து முடிதிருத்துபவர் ஒருவரோடு பஸ் மாறி மாறிச் சிங்கப்பூர் போனதாகச் சொல்வார். அன்றைக்குக் கிங்காங்கோடு மோதியது தாராசிங் என்பது தாத்தாவின் உறுதி. “உங்க தாத்தாவுக்குத் தலைப்பா கட்டுன எல்லாரும் தாராசிங்தான்” என்று அப்பா கிண்டல் செய்வார். எது உண்மையென்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

பந்தயம் கட்டியது மட்டும் உண்மை. கிங்காங் பக்கம் பத்து வெள்ளி. நாள் கூலி இரண்டு மூன்று வெள்ளி கிடைத்த காலம். தாத்தாவின் கணக்கு எளிமையானது. அவன் இருநூறு கிலோ, இவன் நூற்று முப்பது. மரம் சாயும்போது கீழே நிற்பவன்தான் நசுங்குவான். முதல் பிடியில் கிங்காங் எதிராளியைப் போட்டு அமுக்கி ஒரு வீழ்த்தல் வாங்கிவிட்டார். தாத்தா துள்ளிக் குதித்தார். இரண்டாவது வீழ்த்தல் அவனுக்கு. மூன்றாவதில் கிங்காங் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சி, நடுவரிடம் சண்டை போட்டு, கடைசியில் மல்லாந்து விழுந்தார். கூட்டம் நாற்காலிமேல் ஏறி நின்றது.

பஸ்ஸில் திரும்பும்போது முடிதிருத்துபவர் சொன்னாராம்: “நீ எடையப் பாத்த. நான் சனத்தப் பாத்தேன்.”

அந்த மனிதருக்கு மல்யுத்தத்தின் முழு இலக்கணமும் தெரிந்திருக்கிறது. மூன்றில் இரண்டு வீழ்த்தல் என்ற விதியில் பொல்லாதவன் முதல் வீழ்த்தலை வாங்கினால்தான் நல்லவன் எழுந்து வர முடியும். முதல் சந்திப்பில் குழப்பமான முடிவு வந்தால் மறுபோட்டி உண்டு என்று பொருள். மறுபோட்டிக்கு மறுபடியும் டிக்கெட் விற்கும். பட்டம் பணயத்தில் இருக்கிறதா, சவால் விட்டவன் யார், எந்த ஊர், அந்த ஊரில் டிக்கெட் வாங்குபவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். தோக்கியோவில் 1955 நவம்பரில் ஆசியப் பட்டத்துக்கான இறுதியில் கிங்காங்கை வென்றவர் ரிக்கிடோசான். ஜப்பானில் வேறு யார் வெல்ல முடியும்? அதே பயணத்தில் கிங்காங்கும் டைகர் ஜோகிந்தர்சிங்கும் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்றதும் அதே கணக்கில் அடங்கும். விருந்தாளிக்கும் ஏதாவது கொடுத்தால்தான் அவனை வீழ்த்தியதற்கு மதிப்பு.

இதற்காகத் தாராசிங்கைப் பொய்யான மல்லர் என்று சொல்ல முடியாது. அவர் மண் களத்தில் குஸ்தி பழகி வந்தவர். உண்மையாகவே பிடிக்கத் தெரிந்தவர்கள்தாம் இந்த நாடகத்தையும் நன்றாக ஆடினார்கள். உடன்பாடு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சி சாட்சி. 1976 டிசம்பரில் ஜப்பானின் அந்தோனியோ இனோகியும், மாபெரும் காமாவின் தம்பி மகன் அக்ரம் பயில்வானும் அங்கே மோதினார்கள். பேசி வைத்தபடி ஆட அக்ரம் மறுத்தார் என்று ஜப்பானிய மல்யுத்த வட்டாரத்தில் சொல்வார்கள். இனோகி அவருடைய கையை முறுக்கி முடக்கினார். ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. கூட்டத்தின் முகத்தைப் படித்துக் கணித்தவர்கள் எல்லோரும் அன்று தோற்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து லாகூரில் அக்ரமின் குடும்பத்து இளைஞன் ஜாராவோடு இனோகி மோதினார். ஐந்து சுற்றுக்குப் பின்னும் முடிவில்லை. இனோகியே ஜாராவின் கையைத் தூக்கிக் காட்டினார். அதில் எவ்வளவு மல், எவ்வளவு மரியாதை என்று இன்றும் பேசுகிறார்கள்.

இனி 1987க்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடப் பையன். தோட்டத்தில் மாமா வீட்டில் மட்டும் வீடியோ பெட்டி இருந்தது. ஜாசின் டவுனில் வாடகைக்கு எடுத்த கேசட்டில் மூன்றாவது ரெசல்மேனியா வந்தது. ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜெயண்டும் மோதும் ஆட்டம். அது நடந்தது மார்ச் 29ஆம் தேதி. எங்களுக்குக் கேசட் வந்து சேர்ந்தபோது பல மாதங்கள் ஓடிவிட்டன. முடிவு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எப்போதோ நடந்து முடிந்துவிட்ட, நடப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட ஓர் ஆட்டத்துக்கு, தோட்டத்துப் பையன்கள் நாங்கள் ஐஸ் குச்சிக்குப் பந்தயம் கட்டினோம்.

நான் ஆந்த்ரே பக்கம். காரணம் எடை. விளம்பரத்தில் 520 பவுண்டு.

தாத்தா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேரையும் முன்பின் பார்த்ததில்லை. திரையை விட்டுவிட்டு அரங்கத்துக் கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் கூர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “மஞ்சக்காரன்தான். மொதல்ல தூக்கப் பாப்பான், முடியாது, இவன் மேலயே விழுவான். கடைசில தூக்கிருவான் பாரு.”

அப்படியேதான் நடந்தது. ஆட்டம் தொடங்கியதும் ஹோகன் தூக்க முயன்று, ஆந்த்ரேயின் எடை தாங்காமல் அடியில் சரிந்தார். கடைசியில் அந்த மலையைத் தூக்கிப் போட்டார். நான் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஹோகனைப் பார்க்கவில்லை. “பெரியவன் நல்லா விழுந்தான்டா” என்றார்.

அந்த வாக்கியம் எனக்குப் புரிய இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆந்த்ரே அப்போது முதுகு வலியால் நிற்கவே சிரமப்பட்டவர் என்பதும், அவர் சம்மதம் இல்லாமல் அவரை யாரும் தூக்கியிருக்க முடியாது என்பதும் பின்னால் வாசித்துத் தெரிந்துகொண்டவை. ஆறு ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். கிங்காங்கும் அப்படித்தான். சொந்த ஊராக்கிக்கொண்ட சிங்கப்பூரிலேயே கூட்டத்தின் ஏச்சை வாங்கிக்கொண்டு விழுந்து கொடுப்பது அவருடைய வேலையாக இருந்தது. 1970 மே மாதம், கார் விபத்தில் பட்ட காயத்தோடு அதே ஊரில் இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று தாத்தா வேலைக்குப் போகவில்லை என்று பாட்டி சொல்வார்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியான தன் ‘மித்தாலஜீஸ்’ நூலை மல்யுத்தம் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறார். குத்துச்சண்டைக்குப் பந்தயம் கட்டலாம், மல்யுத்தத்துக்குக் கட்டுவதில் பொருளில்லை என்பது அவர் வாதம். பார்வையாளன் முடிவுக்காக வருவதில்லை, ஒவ்வொரு கணத்திலும் துன்பமும் நீதியும் கண்ணுக்குத் தெரிவதற்காக வருகிறான் என்கிறார். 1989இல் அமெரிக்க நிறுவனமே நியூ ஜெர்சி மாநில மேலவையில் இது பொழுதுபோக்குத்தான் என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. 2023இல் அதே நிறுவனம் தன் ஆட்ட முடிவுகளின்மேல் சட்டபூர்வப் பந்தயம் அனுமதிக்க முடியுமா என்று பேச்சு நடத்துவதாகச் செய்தி வந்தது. பார்த்தை மறுக்க அறுபத்தாறு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்து முடிதிருத்துபவர் பஸ்ஸிலேயே மறுத்துவிட்டார். முடிவு தீர்மானிக்கப்பட்டதாக இருந்தால், தீர்மானிப்பவன் யாரைப் பார்த்துத் தீர்மானிக்கிறான் என்று கணிக்கலாம்.

இதைத் தாத்தா மல்யுத்தத்தோடு நிறுத்தவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் தோட்டம் கைமாறியது. கித்தாவை அழித்து வீடமைப்பு வரப்போகிறது என்றார்கள். லயத்தைக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது. பெரட்டுக் களத்தில் கூட்டம் மேல் கூட்டம் நடந்தது. பேச வந்தவர்கள் எல்லோரும் பெரிய வார்த்தைகள் பேசினார்கள். தோட்டம் நமக்கே என்று இளைஞர்கள் கோஷம் போட்டார்கள். தாத்தா முதல் நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டார்: “இது நாம ஜெயிக்கிற ஆட்டம் இல்ல. டிக்கெட் வாங்குனவன் வேற ஆளு.”

ஆனால் ஒரு கூட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. எழுபதைத் தாண்டிய மனிதர், முழங்கால் வலியோடு, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார். கோயிலுக்கு எங்கே இடம், இத்தனை வருஷ வேலைக்கு எந்தக் கணக்கில் பணம், வீடு முடிகிறவரை எங்கே இருப்பது. எனக்கு எரிச்சலாக இருந்தது. முடிவு தெரியும் என்கிறவர் ஏன் போக வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“எவன் ஜெயிப்பான்னுதான் தெரியும். நாம எப்படித் தோக்கிறோம்னு இன்னும் முடிவாகல” என்றார்.

தோட்டம் போனது. முதலில் சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நட்டஈடு கிடைத்தது. மாரியம்மனுக்குப் புதிய வீடமைப்பின் ஓரத்தில் சின்னத் துண்டு நிலம் கிடைத்தது. சில குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது, சிலருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை வெற்றி என்று தாத்தா ஒருபோதும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னாலும் தலையாட்டியதில்லை.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அக்கா மகனின் பட்டியலில் மூன்றாவது கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது நான்தான். முதலில் யார் மோதுவது, யார் வெல்வது என்று இரண்டு கட்டம்தான் வைத்திருந்தான். ‘எப்படி’ என்பதற்கு இரண்டு மதிப்பெண். பையன்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அதிக வாக்குவாதம் நடப்பது இப்போது அந்தக் கட்டத்தில்தான்.

மனைவியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பெயரையும் அறியாமல், “இதுல சனத்துக்கு யாரப் பிடிக்கும்?” என்று கேட்டார். இந்த முறை அவருக்கும் ஒரு பட்டியல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.