கைகளைக் குணமாக்கினால் மட்டும் போதுமா?

திருவிழா நாட்களில் கோயில் வாசலிலே கையேந்தி நிற்போரைக் காணாதவர் நம்மில் எவருமில்லை. சில்லறை போடுகிறோம்; கடந்து செல்கிறோம். இவருக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்திருந்தால் இந்த வாசலில் நிற்பாரா என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவ்வாறு எண்ணியதோடு நில்லாமல் செயலிலும் இறங்கிய இருவரின் வரலாறு நம் தமிழ் மண்ணிலேயே, வேலூரிலே நிகழ்ந்தது. பங்கின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும் இவ்விழா வேளையில் அதனையும் அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

கொல்லிமலையில் பிறந்தவர்

மருத்துவர் பால் பிராண்டு 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அங்கு மறைப்பணி புரிந்த ஆங்கிலேயர். இளமையில் தச்சு, கொத்து முதலிய கட்டட வேலைகளைக் கற்ற பின்னரே அவர் மருத்துவம் பயின்றார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது விரல்கள் மடங்கிப்போன கைகளைக் கண்டு மனம் வருந்தினார். எத்தனையோ எலும்பு மருத்துவர்கள் இருந்தும் இக்கைகளைத் தொட ஒருவரும் முன்வரவில்லையே என்பதே அவர் வேதனை.

விரல்களை மடக்கி நீட்டும் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கையில் நல்ல தசைகள் பல எஞ்சியிருப்பதை அவர் ஆராய்ந்து கண்டார். ஒரு நல்ல தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தார். மடங்கிய கை திறந்தது. ஆண்டுக்கணக்கில் உருண்டையாய்க் கிடந்த கை, சோற்றைப் பிசைந்து வாயில் இடும் கையாயிற்று.

நவஜீவ நிலையம்

மகிழ்ச்சியோடு வீடு திரும்பியவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். நீங்கள் கொடுத்த கைகள் பிச்சைக்கு உதவவில்லை, ஐயா என்பதே அவர்கள் முறையீடு. விரல் மடங்கியிருந்தபோது இரங்கிக் காசு போட்டவர்கள் இப்போது போடவில்லை. உடம்பில் தழும்பு இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை; வாடகைக்கு வீடு தருவாரும் இல்லை. அறுவை வெற்றி பெற்றது. ஆனால் மனிதர் பட்டினி கிடந்தார். கையைக் குணமாக்குவது பாதி வேலைதான் என்பதைப் பிராண்டு அன்று உணர்ந்தார்.

எனவே 1951இல் கல்லூரி வளாகத்தில் சில எளிய குடிசைகளும் ஒரு தச்சுப் பட்டறையுமாக நவஜீவ நிலையம் எழுந்தது. இளமையில் கற்ற தச்சுத் தொழில் இப்போது கைகொடுத்தது. மர விளையாட்டுப் பொருள்கள் செய்ய அவரே கற்றுக்கொடுத்தார்.

அப்பட்டறை மருத்துவத்திற்கும் ஒரு பள்ளிக்கூடமாயிற்று. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதாகத் திறந்துவிட்டான். பார்த்தால், சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்கோ வலியே தெரியவில்லை! விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டே அழிகின்றன என்பது தெளிவாயிற்று. நாள்தோறும் கைகளைச் சோதித்து, காயத்தின் காரணத்தைக் கண்டு நீக்கினால் விரல்களைக் காக்கலாம். தொழில் செய்வோருக்கு ஏற்பக் கருவியும் முறையும் மாறவேண்டும் என்ற பாடம் அங்கே பிறந்தது.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

பிராண்டின் மாணவியரில் ஒருவர் கேரளத்துச் சேராய் ஊரினரான மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நிகழ்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து அவரது கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. மருத்துவத் தொழில் இனி இல்லை என்றே பலரும் எண்ணினர். பிராண்டு அவ்வாறு எண்ணவில்லை. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். ஊனமுற்ற ஒருவர் ஊனமுற்ற மற்றவருக்குக் கைகொடுத்த காட்சி அது!

பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் பொறுப்பேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 1986இல் அவர் இறைவனடி சேர்ந்தார். பிராண்டு 2003இல் மறைந்தார்.

சட்டம் உண்டு, வழி உண்டா?

அரசும் வாளாவிருக்கவில்லை. 1968இல் பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொழில் மறுவாழ்வு மையங்களை மத்திய அரசு தொடங்கியது. பின்னர் சென்னை கிண்டியிலும் ஒன்று அமைந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் நூற்றுக்கு 3 இடங்களை ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 ஆக உயர்த்தி, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது.

ஆயினும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் இருந்த 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே ஏதேனும் வேலையில் இருந்தனர். பெண்களிலோ நால்வரில் ஒருவர்கூட இல்லை. அரசுப் பணி ஒரு சிலருக்கே கிட்டும். மற்றவர் தையலோ தச்சோ கணினியோ கற்க வேண்டுமானால் பயிற்சி நிலையம் தொலைவில் பெருநகரில் இருக்கிறது. பேருந்துப் படியில் ஏற முடியாதவர் அங்கே போவது எப்படி? போய்க் கற்று வந்தாலும் கருவி வாங்கப் பணமும், செய்த பொருளை விற்க இடமும் வேண்டாமா?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. பயிற்சி வீட்டிற்கு அருகில், வட்டந்தோறும் கிடைக்கவேண்டும். ஆளுக்கேற்பக் கருவியும் பணியிடமும் மாற்றியமைக்கப்பட வேண்டும். பயிற்சி முடிந்தபின் வேலையோ சிறுதொழில் கடனோ கிடைக்கும்வரை ஒருவர் பொறுப்பேற்றுத் துணை நிற்கவேண்டும். இவற்றை அரசிடம் மனுவாகக் கேட்பது நம் உரிமை. நமது பள்ளி, மன்றம், சங்கங்களில் ஒருவருக்கேனும் வேலை கொடுத்துத் தொடங்குவது நம் கடமை.

பிச்சைக்கு உதவாத கைகளோடு வேலூருக்குத் திரும்பி வந்தவர்கள் கேட்டது இரக்கத்தை அன்று. பிழைக்க ஒரு வழியை. அதே கேள்வியை இன்றும் நம் வாசலில் ஒருவர் கேட்டு நிற்கிறார். சில்லறை அதற்கு விடையாகாது.