கேட்டும் கிடையாத வீரப் பதக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டார் தம் படைவீரருக்கு அளிக்கும் விருதுகளுள் தலையாயது ‘மெடல் ஆப் ஆனர்’ எனப்படும் கௌரவப் பதக்கம். வடநாட்டாருக்கும் தென்னாட்டாருக்கும் உள்நாட்டு யுத்தம் மூண்டிருந்த காலத்தில், 1861-ஆம் வருஷம் கப்பற்படைக்கும் 1862-ஆம் வருஷம் தரைப்படைக்கும் அஃது ஏற்பட்டது. நம் நாட்டுச் சிப்பாய்கள் எத்தகைய தீரம் காட்டினும் விக்டோரியா சிலுவை பெறுதற்கு 1911-ஆம் வருஷம் வரை விதியே இடங்கொடுக்கவில்லை என்பதை நம் அங்கத்தினர் பலர் அறிவர். அமெரிக்கப் பதக்கத்திற்கோ நிறம்பற்றிய தடை யாதொன்றும் சட்டத்தில் எழுதப்படவில்லை. எழுதப்படாத தடை எங்ஙனம் வேலை செய்தது என்பதைக் காட்டவே ஆண்ட்ரூ ஜாக்ஸன் ஸ்மித் என்னும் கறுப்பு வீரருடைய வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

ஸ்மித் கெண்டக்கி மாகாணத்தில் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர். அவரை அடிமையாக வைத்திருந்த எஜமானனே அவருக்குத் தந்தையுமாவான். யுத்தம் தொடங்கியபின், எஜமானன் தம்மையும் தென்னாட்டுப் படைக்கு உடன் கொண்டுபோகக் கருதியிருப்பதைக் கேள்வியுற்ற ஸ்மித், மற்றோர் அடிமையோடு ஓடிப்போய், மழையில் நெடுந்தூரம் நடந்து வடநாட்டுப் படையின் இல்லினாய்ஸ் ரெஜிமெண்ட் ஒன்றை அடைந்தார். அங்கே ஒரு மேஜருக்குப் பணியாளராயிருந்து, 1862-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஷைலோ யுத்தத்தில் தலையில் குண்டுபட்டும் பிழைத்தார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தார் கறுப்பரைச் சிப்பாய்களாகச் சேர்க்கின்றனர் என்ற செய்தி எட்டியதும், காயம் ஆறிய அவர் அங்கே சென்று 55-வது ரெஜிமெண்டில் பெயர் பதிவு செய்து கொண்டார்.

இந்த ரெஜிமெண்டைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமற் போக மனம் வரவில்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் சம்பளம். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். 54-வது, 55-வது மாஸசூஸெட்ஸ் ரெஜிமெண்டார் குறைந்த சம்பளத்தைக் கையால் தொடமாட்டோம் என்று மறுத்தனர். குறையைத் தாங்கள் கொடுத்து நிரப்புவதாக மாகாண சர்க்கார் முன்வந்த போதும் வாங்கவில்லை. ஊரில் மனைவி மக்கள் வறுமையால் வருந்த, இவர்கள் சம்பளமின்றியே காவல் காத்தனர், போரும் புரிந்தனர். 1864-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில்தான் காங்கிரஸ் சபை சம்பளத்தைச் சமமாக்கிற்று. பணத்தில் மானத்தைக் காத்த இவர்கள் பதக்கத்தைப் பற்றி வாய்திறந்து கேட்டவர்கள் அல்லர்.

அவ்வாண்டு நவம்பர் மாதம் 30-ஆம் தேதி தென் கரோலினா மாகாணத்தில் ஹனி ஹில் என்னுமிடத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கும் சவன்னா நகருக்கும் இடையே ஓடிய ரயில் பாதையைத் துண்டிக்கும் பொருட்டு வடநாட்டுப் படை முன்னேறிற்று. எதிரிகள் மேட்டில் பீரங்கிகளை அமைத்துக் காத்திருந்தனர். சதுப்பு நிலத்தினூடே செல்லும் குறுகிய வழியொன்றே இருந்தது. அவ்வழியே 55-வது ரெஜிமெண்ட் நெருங்கிச் சென்றபோது பீரங்கிக் குண்டு வெடித்துக் கொடி தாங்கிய சார்ஜண்ட் மாண்டான். அவன் கையினின்று ஸ்மித் கொடியைப் பற்றிக்கொண்டார். அக்காலத்துப் போரில் புகையும் கூச்சலும் நிறைந்த களத்தில் சிப்பாய்களுக்கு வழிகாட்டுவது கொடியே. ஆகையால் எதிரிகளின் துப்பாக்கிகள் யாவும் முதலில் கொடிக்காரனையே நாடும். போரில் இறங்கிய அதிகாரிகளிற் பாதிப்பேரும் சிப்பாய்களில் மூன்றில் ஒரு பங்கினரும் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். ஸ்மித்தோ போர் முடியுமளவும் கொடியை ஏந்தியே நின்றார்; கொடி எதிரிகளின் கைப்படவில்லை. ஆயினும் அன்று வடநாட்டார் தோற்றே திரும்பினர். தோற்ற போரில் வீரம் காட்டியவனுக்குச் சாட்சி சொல்ல எவருக்கு அவகாசம்? கர்னல் ஹார்ட்வெல் தாமே காயமுற்றுக் களத்தினின்று அகற்றப்பட்டார். அவர் எழுதியனுப்பிய அறிக்கையில் ஸ்மித்தின் பெயர் ஏறவில்லை.

யுத்தம் முடிந்து 1865-ஆம் வருஷம் விடுதலை பெற்ற ஸ்மித், கெண்டக்கிக்கே திரும்பி நிலம் வாங்கிப் பயிர் செய்து வாழ்ந்தார். ஐம்பது ஆண்டுகள் கடந்தன. 1916-ஆம் வருஷம் அந்த ரெஜிமெண்டின் பழைய ஸர்ஜனும், பின்னர் கார்னெல் சர்வகலாசாலையில் நெடுநாள் ஆசிரியராயிருந்தவருமான டாக்டர் பர்ட் வைல்டர், ஸ்மித்துக்குக் கௌரவப் பதக்கம் வழங்கவேண்டும் என்று யுத்த இலாகாவுக்கு எழுதினார். அத்தகைய செயலுக்கு அதிகாரபூர்வமான பதிவு எதுவும் இல்லை என்று சொல்லி இலாகா மறுத்துவிட்டது. பதிவுகளோ சர்க்காரின் காப்பறைகளிலேயே இருந்தன. தேடிப் பார்த்து இல்லை என்றார்களா, தேடாமலே இல்லை என்றார்களா என்பதைப் படிப்போர் ஊகத்திற்கே விடுகிறோம்.

அந்த 1916-ஆம் வருஷமும் பதக்கத்திற்கு நல்ல வருஷமன்று. முன்பு வரைமுறையின்றி வழங்கிய பதக்கங்களை ஆராய்ந்து தகாதவற்றை நீக்கும்படி ஜெனரல் நெல்ஸன் மைல்ஸ் தலைமையில் ஐந்து ஜெனரல்கள் அடங்கிய சபையொன்று அப்போதுதான் அமைந்தது. 1917-ஆம் வருஷம் பிப்ரவரியில் அச்சபையார் 911 பெயர்களை அடித்தனர். அவற்றுள் 864 பெயர்கள் 27-வது மேயின் ரெஜிமெண்ட் ஒன்றற்கே உரியவை. 1863-ஆம் வருஷம் தவணை முடிந்து வீடு திரும்பவேண்டிய அந்த ரெஜிமெண்டாரை, தலைநகரைக் காக்கச் சில நாள் தங்குவோர்க்குப் பதக்கம் தருவதாகச் சொல்லி மந்திரி ஸ்டாண்டன் நிறுத்தப் பார்த்தார். தங்கியவர் முந்நூறு பேரளவே. பதக்கம் வந்ததோ அனைவருக்கும்! ஒரு துப்பாக்கியும் வெடியாத இடத்தில் நின்றவனுக்கும், நில்லாமல் ஊர் சென்றவனுக்கும் ஐம்பது ஆண்டு பதக்கம் இருந்தது. பீரங்கி முன்னே கொடி ஏந்தியவருக்கு இல்லை.

செல்வாக்குள்ளவராயிருந்தால் ஸ்மித்துக்குக் கிடைத்திருக்கும் என்று அன்பர் சிலர் கருதக்கூடும். அதற்கும் ஓர் எதிருதாரணம் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட், 1898-ஆம் வருஷம் ஸ்பெயின் தேசத்தாரோடு நேர்ந்த யுத்தத்தில் தொண்டர் குதிரைப்படையோடு கியூபா தீவு சென்று, ஜூலை மாதம் முதல் தேதி ஸான் ஜுவான் மேடுகளைத் தாக்கியதில் பெரும்புகழ் கொண்டவர். (இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதிபராயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு.) தமக்குக் கௌரவப் பதக்கம் உரியது என்று அவர் நண்பர் லாட்ஜ் மூலமாக விடாது முயன்றார். ஆயின் நேரிற் கண்டவர் சாட்சியம் வேண்டுமென்று 1897-ஆம் வருஷமே யுத்த இலாகா விதி செய்திருந்தது. மேலும், காய்ச்சலால் மடியும் படையை உடனே திருப்பி அழைக்கவேண்டுமென்று அதிகாரிகள் எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வெளியானதற்கு ரூஸ்வெல்ட் காரணமாயிருந்தமையால், யுத்த மந்திரி ஆல்ஜர் அவர்பால் சினங்கொண்டிருந்தார். பதக்கம் கிட்டவில்லை. 1901-ஆம் வருஷம் அவரே நாட்டின் அதிபரானார். அதிகாரம் கைவந்த பின்னும் தமக்குத் தாமே அதனைச் சூட்டிக்கொள்ளாமை அவருக்குப் பெருமையே. 1919-ஆம் வருஷம் பதக்கமின்றியே காலஞ்சென்றார். எனினும் இருவர் மறுப்பும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ரூஸ்வெல்ட்டின் கோரிக்கையை எடுத்து, நிறுத்து, போதாது என்றனர். ஸ்மித்தின் கோரிக்கையைத் தராசிலேயே வைக்கவில்லை.

ஸ்மித் 1932-ஆம் வருஷம் இறந்தார். அவருடைய குடும்பத்தார் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் அழியவிடாது காத்து வந்தனர். நம் வகுப்பிலும் இரண்டு உலக யுத்தங்களில் சேவித்த பெரியோர்களின் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டுகளும் சம்பளப் புஸ்தகங்களும் எத்தனை வீடுகளில் பரண்மேல் செல்லரித்துக் கிடக்கின்றன! அவற்றைச் சங்கக் காரியாலயத்திற்குக் காட்டினால் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பி அளிப்போம். ஸ்மித்தின் பேரர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து, சரித்திர ஆராய்ச்சியாளர் துணையோடு, சர்க்கார் காப்பறைகளிலிருந்த பதிவுகளையும் திரட்டினார். காலவரம்பு கடந்த கோரிக்கையாதலால் அதனைத் தளர்த்தக் காங்கிரஸ் சபை தனியே சட்டம் செய்யவேண்டியிருந்தது. ரூஸ்வெல்ட்டின் பொருட்டும் அவ்வாறே சட்டம் நிறைவேறியிருந்தது.

2001-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 16-ஆம் தேதி அதிபர் கிளிண்டன் வெள்ளை மாளிகையில் ஒரே வைபவத்தில் இருவருக்கும் பதக்கம் வழங்கினார். ரூஸ்வெல்ட்டின் பதக்கத்தை அவருடைய கொள்ளுப்பேரர் பெற்றுக்கொண்டார். ஹனி ஹில் போர் நிகழ்ந்து 136 ஆண்டுகள் சென்றிருந்தும், ஸ்மித்தின் பதக்கத்தைப் பெற அவர் பெற்ற மகளே, தொண்ணூறு பிராயம் கடந்த மூதாட்டியாராய், அங்கே வந்திருந்தார்.